மதுரையில் ஒரு தலைமாட்டு நாற்காலி

என் மைத்துனன் ஞானமுத்துவைக் கையைக் காலைக் கட்டியாவது கொழும்புக்குக் கொண்டு வந்து சேர்க்கும்படி என் மனைவி உத்தரவு போட்டாள். தம்பிமேல் அவளுக்கு இருந்த பாசம் எனக்குப் புரிந்தது. என்மேல் இருந்த நம்பிக்கைதான் புரியவில்லை. கடலைக் கண்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். ரயில் பாலத்தில் ஏறினால் வயிறு கலங்கும். ஒன்றுமே இல்லாத இடத்திலும், காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, இதோ போகப் போகிறேன் என்று உள்ளங்கை வியர்த்துவிடும். நாற்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ தடவை செத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதற்காக ஆபீசில் லீவு கொடுத்ததில்லை.

ஐரோப்பாவில் சண்டை வரும், வராது என்று கொழும்புக் காபிக் கடைகளில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சேதி கொண்டு வந்தவர் சையது இப்ராகிம். மதுரையில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், வியாபார விஷயமாகக் கொழும்பு வந்து போகிறவர். "உங்க மச்சினரு யார்கூடவும் பேசுறதில்லண்ணே. பள்ளிக்கூட வேலையையும் விட்டுட்டாரு. சாப்பாடும் சரியில்ல. வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"வெளிய பாத்ததச் சொல்லிட்டேன். உள்ள கேட்டதச் சொல்ல எனக்கு உத்தரவில்ல."

எந்த உள்ளே, யாருடைய உத்தரவு என்று எங்களுக்கு விளங்கவில்லை. என் மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள்.

கடல் வழியில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் மானம் போகும். விட்டுவிடுகிறேன். மதுரையில் இறங்கினேன். கொழும்பில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே வெயில், மனிதனைப் பார்த்து நிறுத்தி விசாரிக்கிற வெயில். ஜட்கா ஒன்று பிடித்தேன். பாதி வழியில் குதிரை நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. குதிரை உட்காரும் என்பதே எனக்குத் தெரியாது. வண்டி முன்பக்கம் சாய, நான் வண்டிக்காரன் முதுகில் விழுந்து, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ அலறியிருக்கிறேன்.

"பைய, பைய! கழுத்த விடுங்கண்ணே! அது சும்மா களைப்பாறுது. நீங்க கத்துற கத்துல அதுக்கு ஏதாச்சும் ஆயிரப் போகுது" என்றான் வண்டிக்காரன்.

தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று குதிரைக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள்.

மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. மனோபகுப்புப் பயிற்சிக் கழகம் என்று பலகை தொங்கியது. மழையும் வெயிலும் தின்றதுபோக எழுத்து பாதிதான் மிச்சம். எதிரே பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில், கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. நான் பெட்டியோடு நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"உள்ள போறீகளா? அந்த வாத்தியார்ட்ட எனக்காக ஒண்ணு கேட்டுச் சொல்லுவீகளா?"

"என்னம்மா கேக்கணும்?"

"எங்க வீட்டுக்காரரு கடேசியா என்ன சொன்னாருன்னு."

 தலையை ஆட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். அறையில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் யாரும் இல்லை. அதன் தலைமாட்டில் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஞானமுத்து, யாரோ படுத்திருப்பதுபோலக் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "மாப்ள" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். எழுந்தான். என் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தான். மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அன்று அவனிடமிருந்து ஒரு சொல்லும் வாங்க முடியவில்லை. கடையிலிருந்து இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். மதுரை இட்லியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆவி அடங்காமல் இலையில் விழும், பக்கத்திலேயே நிறத்துக்கொன்றாகச் சட்னிகள் விழும். எங்கள் ஊர் இடியப்பமும் சம்பலும் இதன் முன்னால் வாயைத் திறக்க முடியாது. அவன் ஒன்றைப் பிட்டு, பிட்டதை இலையிலேயே வைத்துவிட்டான். அவன் பங்கையும் நானே தின்றேன். பயந்தால் எனக்குப் பசிக்கும். பயப்படாதபோதும் பசிக்கும்.

மறுநாள் காலை இப்ராகிம் வந்தார். ஞானமுத்து அவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். அவரும் அவனைப் பார்க்கவில்லை. சண்டையா என்று கேட்டேன். "சண்டையெல்லாம் இல்லண்ணே. நாங்க தெருவுலகூடப் பேசிக்க மாட்டோம். அதான் முறை" என்று என்னை வெளியே கூட்டிப்போனார். ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, கழகத்தின் கதையை அவர் சொல்லி நான் கேட்டேன்.

டாக்டர் சுந்தரேசன் என்று ஒருவர். உடம்பு வைத்தியம் பார்த்துச் சலித்து, கல்கத்தா போய் மனோபகுப்பு என்ற இந்த மனசு வைத்தியத்தைப் படித்துவிட்டு வந்தார். அங்கே செய்கிறார்கள், தமிழ்நாட்டில் மதுரையில் ஏன் கூடாது என்று இந்த வீட்டை எடுத்துப் பலகையை மாட்டினார். முதலில் வந்தவர்களில் பாதிப் பேர் பேய் ஓட்ட வந்தவர்கள். மீதிப் பேர் ஜாதகம் பார்க்க வந்தவர்கள். பிறகு மெதுவாகப் படித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்: வக்கீல்கள், மிஷன் பள்ளி ஆசிரியர்கள், ஒரு தாசில்தார்கூட. மற்றவர் மனதைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் இந்தப் படிப்பில் ஒரு சட்டம் உண்டு. வைத்தியனாக வேண்டியவன் முதலில் தானே கட்டிலில் படுத்து, மனதில் வந்ததை ஒளிக்காமல் வருஷக் கணக்கில் சொல்ல வேண்டும். தாசில்தார் அன்றைக்கே எழுந்து போனார்.

மிஞ்சியவர்களுக்கும் படுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெரியவர் முன்னால் எப்படிக் காலை நீட்டிப் படுப்பது? அவர் வேறு தலைமாட்டில் உட்காருகிறார். தலைமாட்டில் ஆள் உட்காருவது நம் ஊரில் எப்போது? ஒரு நாள் வக்கீல் ஒருவரின் அத்தை, மருமகனைத் தேடி வந்தவள், அவர் கண்ணை மூடிப் படுத்திருப்பதையும் தலைமாட்டில் டாக்டர் தலைகுனிந்து இருப்பதையும் பார்த்து, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. வக்கீல் அதோடு சரி. அடுத்து, வடக்கே தலைவைத்துப் படுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. டாக்டர் கட்டிலைத் திருப்பினார். திருப்பினால் முகம் ஜன்னலுக்கு நேரே. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன சார், காய்ச்சலா?" என்று விசாரித்தார்கள்.

நான் சிரித்தேன். இப்ராகிமும் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"கடேசியில மூணு பேரு நின்னோம். உங்க மச்சினரு, நானு, கோச்சடையில இருந்து கோர்ட்டு குமாஸ்தா பிச்சைமணி. எங்க படிப்பு பாதியில இருக்கயில டாக்டர் டைபாய்டுல மவுத்தாயிட்டாரு."

கல்கத்தா போய்ப் படிப்பை முடிக்க மூவருக்கும் வழியில்லை. ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குக் கடை, ஒருவருக்குக் கோர்ட்டு. வைகையில் குளிக்கிறவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவதுபோல, ஒருவரை ஒருவர் பார்த்து முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். ஞானமுத்து கட்டிலில் படுத்தால் இப்ராகிம் தலைமாட்டில். இப்ராகிம் படுத்தால் பிச்சைமணி தலைமாட்டில். பிச்சைமணி படுத்தால் ஞானமுத்து தலைமாட்டில். உள்ளே கேட்டது வாசற்படி தாண்டக்கூடாது என்பது டாக்டர் வைத்த சட்டம். அதை ஒருவரும் மீறவில்லை. வெளியே எதிர்ப்பட்டால் வாய் தவறிவிடுமோ என்று தெருவையே மாற்றி நடந்தார்கள்.

"பிச்சைமணிக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"விளாங்குடிக்கு அங்கிட்டு ஒரு தோட்டக் கெணத்துல எடுத்தாக. வெளிய நடந்தது அம்புட்டுத்தான். மத்ததை என்ட்டக் கேக்காதீக."

எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்தவள் யார் என்று அப்போது எனக்கு விளங்கியது. அவளைப் பற்றி ஊர் பேசுவதையும் இப்ராகிம் சொன்னார். அது வெளியே உள்ள விஷயமாம். இவள் வாய் தாங்காமல்தான் அவன் கிணற்றில் விழுந்தான் என்று கோச்சடையில் மாமனார் வீடு சொல்கிறது. நாளைக்குச் சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பிறந்த ஊரான ஒத்தக்கடைக்கு அனுப்பிவிடப் போகிறார்கள்.

திரும்பி வரும்போது நடையிலேயே எனக்கு நெஞ்சு படபடத்தது. அறைக்குள் நுழைந்ததும் கண் இருட்டியது. வேறு இடமில்லாமல் அந்தக் கட்டிலிலேயே விழுந்தேன். "போறேன் மாப்ள, இந்தத் தடவை நிச்சயம். உங்க அக்காட்டச் சொல்லிரு" என்று ஆரம்பித்து, கடல், பாலம், குதிரை, ஆபீசில் என் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி என்று எனக்குப் பயமான எல்லாவற்றையும் உளறினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது, தலைமாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உம். மேல சொல்லுங்க."

பேசாதவன் பேசிவிட்டான். பயம் என்னை விட்டு ஓடிப்போனது. அதற்கும் ஒரு அளவு மரியாதை தெரியும் போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்தேன். "நான் சொன்னது போதும். எந்திரி. இப்ப நீ படு" என்றேன். அவன் வந்து படுத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைமாட்டிலிருந்து பார்த்தால் ஒரு மனிதனின் நெற்றியும் மூக்கும்தான் தெரிகின்றன. பிணத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றியது.

"முந்தியே தெரியும் அத்தான்" என்றான். "சாகப் போறேன்னு பிச்சைமணி எங்கிட்டச் சொன்னாரு. ஒரு நாள் இல்ல, நிதமும் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"மேல சொல்லுங்கன்னேன்."

புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததாம். சாவேன் என்பது சாவு அல்ல, வேறு ஏதோ பழைய ஆசையின் வேஷம் என்று. தெரியாமல் தலையிட்டால் படிப்பே கெடும் என்று. ஆனாலும் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் முறை வந்து கட்டிலில் படுத்தபோது, தலைமாட்டில் இருந்த இப்ராகிமிடம், ஒருவர் சாகப் போகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அழுதிருக்கிறான். இப்ராகிமும் சட்டத்தை மீறவில்லை. மேல சொல்லுங்க என்றார்.

"அப்புறம் பாய் முறை வந்துச்சு. அவரும் கட்டில்ல படுத்து மனசுல வந்ததச் சொல்லித்தான ஆகணும்? சொன்னாரு. யாரோ சாகப் போறாங்க, தடுக்கணும் போல இருக்குன்னு."

அவன் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இப்ராகிமின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது பிச்சைமணி.

"அவரு போன பொறகு பாய் இந்த ரூமுக்குள்ள வச்சுத்தான் எங்கிட்டச் சொன்னாரு. கேட்டுக்கிட்டே இருந்தாராம் அத்தான். கடேசியில அவரும் அதையேதான் சொன்னாராம். மேல சொல்லுங்கன்னு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது ஒரு வேடிக்கைப் பேச்சு. விழுங்கிவிட்டேன். வெளியே, பூட்டிய கடையின் படியில் குழந்தை அழுதது. "வெளிய இருக்கறவளுக்கு நாளைக்குப் பிள்ளை போகப் போகுது" என்றேன். "செத்தவன் ரகசியத்தைக் காப்பாத்துறியா, உன்னையக் காப்பாத்துறியா?"

 அன்று அவன் சோறு தின்றான்.

மறுநாள் கோச்சடைக்கு மாட்டு வண்டியில் போனோம். இப்ராகிம் முன்னால் வண்டிக்காரனோடு, ஞானமுத்து பின்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நடுவில் நான். வைகையில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு என்றால் தண்ணீர் என்று நினைக்கும் கொழும்புக்காரன் நான். பாலம் ஏற வைக்காத இந்த ஆற்றைப் பார்த்து முதன்முறையாக ஒரு ஆற்றிடம் நன்றி பாராட்டினேன்.

முற்றத்தில் சொந்தபந்தங்கள் கூடியிருந்தார்கள். பிச்சைமணியின் தகப்பனார் நடுவில். அந்தப் பெண் சுவரோரமாகக் குழந்தையோடு. "எம்மகன் ராசா மாதிரி இருந்தான். இவ வந்தா, அவன் போயிட்டான். இதுல பேச என்ன இருக்கு?" என்றார் பெரியவர்.

ஞானமுத்து முன்னால் போய் நின்றான். கால் நடுங்கியது. எனக்குத்தான் நடுங்குகிறதோ என்று என் காலையும் பார்த்துக்கொண்டேன். "இவுக மேல குத்தமில்ல" என்றான். "அவரு சாகப் போறதா எங்கிட்டச் சொன்னாரு. காரணமும் சொன்னாரு."

"எப்பச் சொன்னான்?"

"பொங்கலுக்கு முந்தியே."

"நான் கூப்புட்டேன்னு பொங்கலுக்கு இதே வீட்டுல வந்து எங்கூட ஒக்காந்து தின்னியேடா. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

பெரியவர் எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று வைத்தார். ஞானமுத்து அசையவில்லை. இப்ராகிம் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எனக்கும் தெரியும்யா" என்றார். அவருக்கும் ஒன்று விழுந்தது. நான் மட்டும் பின்னால் தூண் பக்கமாக நகர்ந்து நின்றேன். எனக்குத் தெரியாது என்று யாராவது சாட்சி சொல்வார்களா என்று பார்த்தேன்.

"காரணம் என்னடா? சொல்லு!"

"அவுக அம்மா கெணத்துல விழுந்தத ஏழு வயசுல நேர்ல பாத்திருக்காரு. அதையேதான் பேசுவாரு. அம்மா கூப்புடுறாக, கூப்புடுறாகன்னு. வேற எதுவும் பேச மாட்டாரு."

 கூட்டத்தில் இருந்த ஒரு கிழவி, "ஏப்பா, ஒம் பொஞ்சாதி பேதியில போயிட்டான்னுதான எங்களுக்குச் சொன்ன?" என்றாள். பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய், துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகன் போனதற்கு அழாத மனிதராம். துண்டு மெல்ல மெல்ல முகத்துக்கு ஏறியது.

அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. குழந்தை தாயிடமே இருக்கட்டும், அவளும் இந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் கொட்டு முழங்கியது. அப்போது அந்தப் பெண் ஞானமுத்துவின் முன்னால் வந்தாள்.

"அம்மாவப் பத்தியேதான் பேசுனாகளா?"

"ஆமாம்மா."

"அம்புட்டு நாளும்?"

"அம்புட்டு நாளும்."

"என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா? திட்டிக்கூடவா?"

ஞானமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இங்கே அப்படி ஒரு வசதி இல்லை. கையை எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் இப்ராகிம் பலகையைக் கழற்றினார். கட்டிலையும் நாற்காலியையும் எடுத்துக்கொள்ள வந்த வீட்டுக்காரர், கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞானமுத்து மறுபேச்சில்லாமல் என்னோடு ரயில் ஏறினான். கட்டவும் வேண்டியிருக்கவில்லை, தூக்கவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே பொட்டல் ஓடியது. பனை, பொட்டல், மறுபடியும் பனை. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்.

"அத்தான், சொன்னாருன்னு ஒரு பொய் சொல்லியிருக்கணுமோ?"

காலையிலிருந்து ராத்திரி வரை பொய்யும் வேடிக்கையுமாகப் பிழைக்கிறவன் நான். அவனுக்கு இதமாக ஒன்று சொல்லத் தெரியாதா? அந்த நேரம் பார்த்து உண்மை வந்துவிட்டது.

"சொல்லியிருக்கணும் மாப்ள."

மானாமதுரையில் வண்டி நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். வரவில்லை. மணி அடித்தார்கள். வரவில்லை.  குதித்து இறங்கினேன். குழாயடியில் இல்லை. கூட்டத்தில் இல்லை. வயதுக்கும் வேட்டிக்கும் மரியாதை பார்க்காமல் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். "என்னய்யா தொலச்ச?" என்று ஒரு கூலி கேட்டான்.  எல்லாத் தடவையும் பொய்யாக வந்த பயம் இந்தத் தடவை நிஜமாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். மதுரைக்குத் திரும்பிப் போக எப்போது வண்டி என்று விசாரித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாவிப் பயலே, எங்கடா கிளம்புற? பொய் சொல்லவா?"

"இல்ல அத்தான். இப்பச் சொன்னா நம்ப மாட்டாக."

"பின்ன எதுக்கு?"

"அவுக வீட்டுல சோறு தின்னேன். அவுக எதுத்த கடைப் படியிலயே இருந்தாக. நேத்து நேருக்கு நேரா நின்னு பேசினேன்" என்றான். "அவுக பேரு என்னன்னு எனக்குத் தெரியாது அத்தான். பிச்சைமணியும் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. போயிக் கேக்கணும். விரட்டினா வாசல்ல நிக்கிறேன்."

வண்டி ஊதியது. உங்கள் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்க வாயெடுத்தேன். எனக்கும் அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. அவனை விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.